ரேம் கூட்டியபின் கணினி தடுமாறுவது ஏன்? நினைவகப் பிழைகளைப் பிரித்தறியும் முறை

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. அதே ஆண்டின் இறுதி மாதங்களில், செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை வாங்கிக் குவித்ததால், வீட்டுக் கணினிக்கான ரேமின் விலை கிடுகிடுவென ஏறியது. டிசம்பரில் மைக்ரான் நிறுவனம் 'குரூஷியல்' என்ற பெயரில் நடத்திவந்த நுகர்வோர் வணிகத்திலிருந்தே விலகுவதாக அறிவித்தது. புதுக் கணினி வாங்காமல் இருப்பதை வைத்தே ஓட்ட நினைக்கும் பலர், இந்தச் சூழலில் பழைய ரேமைக் கழற்றாமல் அதன் பக்கத்தில் கட்டுப்படியான விலைக்குக் கிடைத்த இன்னொன்றைச் செருகுகிறார்கள். அது சில நேரம் வேறு நிறுவனத்துடையதாகவும், சில நேரம் ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்தி விற்றதாகவும் இருக்கிறது.

செருகிய அன்றோ ஒரு வாரம் கழித்தோ தொல்லை தொடங்குகிறது. கணினி திடீரென நீலத்திரை காட்டி நின்றுவிடுகிறது; அண்மைய விண்டோஸ் 11 பதிப்புகளில் அது கருப்புத் திரையாகிவிட்டது. உலாவியின் தாவல்கள் காரணமின்றி மூடிக்கொள்கின்றன. நேற்றுவரை விரிந்த ஜிப் கோப்பு இன்று கெட்டுப்போனதாகச் சொல்லப்படுகிறது. பழுதுபார்க்கும் கடையில் பெரும்பாலும் 'ரேம் போச்சு' என்ற ஒரே தீர்ப்புதான் கிடைக்கும். அந்தத் தீர்ப்பு சரியாக இருக்கவும் கூடும். ஆனால் நல்ல ரேம்களே தவறான வேகத்திலோ, ஒத்துவராத துணையுடனோ, சரியாக அமராத ஸ்லாட்டிலோ இயங்கும்போது பழுதானவை போலவே நடந்துகொள்ளும். எது பழுது, எது பொருத்தமின்மை என்று பிரித்தறியாமல் பணம் செலவழித்தால், புதிதாக வாங்கிய ரேமுடனும் அதே பிழை திரும்பி வரும்.

ஒரே பெயரில் மூன்று சிக்கல்கள்

'நினைவகப் பிழை' என்று பொதுவாகச் சொல்லப்படுவதற்குள், ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று நிலைமைகள் அடங்கியிருக்கின்றன. முதலில் இவற்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

1. இடப் பற்றாக்குறை. 'நினைவகம் போதவில்லை' என்று விண்டோஸ் சொல்லும்போது, அது ரேமின் அளவை மட்டும் வைத்துச் சொல்வதில்லை. ரேமும், வட்டில் ஒதுக்கப்பட்ட பேஜ் ஃபைல் என்ற பகுதியும் சேர்ந்த மொத்தமே நிரல்களுக்கு விண்டோஸ் வாக்களிக்கக்கூடிய உச்ச வரம்பு. 'ரேம்தான் தாராளமாக இருக்கிறதே' என்று பேஜ் ஃபைலை நிறுத்திவிடுகிறவர்கள் இந்த வரம்பைத் தாங்களே குறைத்துக்கொள்கிறார்கள். 16 ஜிபியை 32 ஆக்கிய பிறகும் இந்தச் செய்தி வந்தால், முதலில் பார்க்க வேண்டியது பேஜ் ஃபைல் அமைப்பைத்தான். இது வன்பொருள் பழுதே அல்ல.

2. கணக்கில் வராத நினைவகம். 16 ஜிபி செருகியும் அதைவிடக் குறைவாகவே தெரிகிறது என்றால், ஸ்டிக் முழுமையாக அமராமல் இருக்கலாம். 32-பிட் விண்டோஸ் நிறுவப்பட்டிருக்கலாம் (விண்டோஸ் 10 ஹோமின் 32-பிட் பதிப்புக்கு 4 ஜிபிதான் எல்லை). ஒருங்கிணைந்த கிராஃபிக்ஸ் ஒரு பங்கை எடுத்துக்கொண்டிருக்கலாம். முன்பு எப்போதோ யாரோ ஒருவரின் யோசனைப்படி சிஸ்டம் கான்ஃபிகரேஷனில் 'அதிகபட்ச நினைவகம்' என்ற பெட்டியைக் குறியிட்டுவைத்திருக்கலாம். ஒரு சேனல் (ரேமையும் பிராசசரையும் இணைக்கும் தனிப் பாதை) முழுவதுமே காணாமல் போயிருந்தால், பிராசசர் சாக்கெட்டில் ஊசி ஏதேனும் வளைந்திருக்கிறதா என்றும், குளிர்விப்பான் ஒருபக்கமாக இறுக்கப்பட்டிருக்கிறதா என்றும் பார்ப்பது வீண் வேலை அல்ல.

3. தவறான விடை தரும் நினைவகம். எழுதிவைத்த மதிப்பு ஒன்று, திரும்பப் படிக்கும்போது வருவது வேறொன்று. உண்மையான நினைவகப் பிழை இதுதான். ஆபத்தானதும் இதுதான், ஏனெனில் இது எப்போதும் செய்தி காட்டிக்கொண்டு வருவதில்லை.

இனிவருவன பெரும்பாலும் மூன்றாவது வகையைப் பற்றியவை.

ஒரு பிட் எங்கே தங்குகிறது

இன்றைய ரேம்களின் அடிப்படை அமைப்புக்கு ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டெனார்டு 1968-இல் காப்புரிமை பெற்றார். ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு டிரான்சிஸ்டர், ஒரு மின்தேக்கி என்பதே அந்த அமைப்பு. மின்தேக்கியில் மின்னூட்டம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. 16 ஜிபி ரேமில் இப்படி ஏறத்தாழ 13,700 கோடி மின்தேக்கிகள் இருக்கின்றன. ஓட்டைக் குடம் போல அவை ஒவ்வொன்றும் கசிந்துகொண்டே இருப்பதால், டிடிஆர்4 வகையில் 64 மில்லிநொடிக்குள் ஒருமுறை எல்லா வரிசைகளையும் படித்து மீண்டும் நிரப்பியாக வேண்டும். வெப்பம் கூடக் கூடக் கசிவும் கூடும். ஆகவேதான் 85 டிகிரியைத் தாண்டினால் இந்த இடைவெளியைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று தர விதிகள் கூறுகின்றன. காலையில் ஒழுங்காக ஓடும் கணினி, கோடைப் பிற்பகலில் கிராஃபிக்ஸ் கார்டின் அனல்காற்று ரேமின் மேல் அடிக்கும்போது மட்டும் பிழை காட்டுவதற்கு இது ஒரு காரணம்.

சேமிப்பதைவிடக் கடினமானது, சேமித்ததைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. டிடிஆர்4-3200 என்றால், ஒவ்வொரு கம்பித்தடத்திலும் ஒரு நொடிக்கு 320 கோடி பரிமாற்றங்கள். ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரத்தில், வெற்றிடத்தில் ஒளியே 10 சென்டிமீட்டர்கூடப் போய்ச் சேராது. இவ்வளவு குறுகிய சாளரத்துக்குள், 64 தடங்களிலும் வரும் சைகைகள் 0-வா 1-ஆ என்று தீர்மானிக்கப்பட வேண்டும். இந்தத் தீர்மானத்தைச் செய்யும் நினைவகக் கட்டுப்படுத்தி முன்பு மதர்போர்டில் தனிச் சில்லாக இருந்தது. ஏஎம்டி 2003-இலும் இன்டெல் 2008-இலும் தங்கள் வீட்டுக் கணினி வரிசைகளில் அதைப் பிராசசருக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டன. அதனால் ரேம் மாற்றுகிறவர் ரேமை மட்டும் சோதிப்பதில்லை. தெரிந்தோ தெரியாமலோ பிராசசரையும் மதர்போர்டின் தடங்களையும் சேர்த்தே சோதனைக்கு உட்படுத்துகிறார்.

விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் பிட்டைப் புரட்டிவிடும் என்ற செய்தியும் அடிக்கடி கண்ணில் படும். கதிரியக்கத்தால் பிட் புரள்வது உண்மைதான்: 1978-இல் இன்டெல் ஆய்வாளர்கள் டிமதி மேயும் முர்ரே உட்சும், சில்லின் பொதியுறையிலேயே இருந்த கதிரியக்கத் துகள்கள் ஆல்ஃபா கதிர்களை வெளியிட்டுப் பிழைகளை உண்டாக்கியதைக் கண்டறிந்தனர். ஆனால் ரேம் மாற்றிய மறுநாளிலிருந்து தினமும் இரண்டுமுறை நிற்கும் கணினிக்குக் கதிர்களைக் காரணம் காட்டுவது பொருந்தாது. கூகுள் தன் சர்வர்களில் நடத்தி 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டில் 8 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட ஸ்டிக்குகள் ஏதேனும் ஒரு பிழையையாவது சந்தித்தன. அந்தப் பிழைகளில் பெரும்பாலானவை தற்செயலாகப் புரண்ட பிட்டுகளல்ல, திரும்பத் திரும்ப அதே ஸ்டிக்கில் நேர்ந்த வன்பொருள் பிழைகள் என்ற முடிவுக்கே ஆய்வாளர்கள் வந்தனர்.

புதிய ரேமைச் செருகும்போது மாறுபவை

பெட்டியின் மேல் அச்சிட்ட வேகமே முதல் பொறி. ஜெடெக் என்ற தர அமைப்பு டிடிஆர்4-க்கு வகுத்த உச்ச வேகம் 3200. பெட்டியில் 3600 என்று இருந்தால், அது எக்ஸ்எம்பி என்ற சுயவிவரத்தை இயக்கினால் மட்டுமே கிடைக்கும் வேகம். 2007-இல் இன்டெல் கொண்டுவந்த இந்த வசதியும், 2022-இல் டிடிஆர்5-க்காக ஏஎம்டி கொண்டுவந்த எக்ஸ்போவும், வெளிப்படையாகச் சொன்னால் ஓவர்க்ளாக் செய்வதற்கான, அதாவது தர வேகத்துக்கு மேல் ஓட்டுவதற்கான, தயார்நிலைக் குறிப்புகளே. ஸ்டிக் அந்த வேகத்தில் ஓடும் என்று அதைத் தயாரித்தவர் உறுதி கூறுகிறார். உங்கள் பிராசசருக்குள் இருக்கும் கட்டுப்படுத்தியும் அந்த வேகத்தைத் தாங்கும் என்று யாரும் உறுதி கூறவில்லை. டிடிஆர்4-இன் இயல்பான மின்னழுத்தம் 1.2 வோல்ட், எக்ஸ்எம்பி சுயவிவரங்கள் பெரும்பாலும் 1.35 கேட்கின்றன. பழைய ஸ்டிக்குக்காக எப்போதோ இயக்கிவைத்த சுயவிவரம் மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸில் அப்படியே இருக்க, புதிய ஸ்டிக்கின் மேலும் அதே டைமிங்குகள் (ஒவ்வொரு செயலுக்கும் விடப்படும் நேர இடைவெளிகள்) சுமத்தப்படுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

இரண்டாவது, எண்ணிக்கை. இரண்டு ஸ்டிக் இருந்த இடத்தில் நான்கு ஆகும்போது ஒவ்வொரு சேனலின் மேலும் மின்சுமை கூடுகிறது. தடங்களில் சைகை எதிரொலிக்கிறது. இதை நிறுவனங்கள் மறைக்கவில்லை, ஆனால் விளம்பரத்தில் பெரிதாகப் போடுவதுமில்லை. ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசைக்கு அதிகாரபூர்வ வேகம் இரண்டு டிடிஆர்5 ஸ்டிக்குகளுடன் 5200. நான்கு ஸ்டிக் செருகினால் 3600. அதாவது 6000 என்று அச்சிட்ட நான்கு ஸ்டிக்குகளை வாங்கிச் செருகி எக்ஸ்போவை இயக்குகிறவர், உறுதியளிக்கப்பட்ட வேகத்தைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேல் கேட்கிறார். அது ஓடினால் அதிர்ஷ்டம். ஓடாவிட்டால் எந்தப் பொருளிலும் குறையில்லை. 32 ஜிபி வேண்டுமென்றால் நான்கு 8 ஜிபியைவிட இரண்டு 16 ஜிபி நல்லது என்று சொல்வதற்கான காரணம் இதுவே.

மூன்றாவது, கலவை. ஒரே பெட்டியில் இரண்டாக விற்கப்படுபவை ஒன்றாகச் சோதிக்கப்பட்டவை. ஒரே மாடல் எண்ணுடன் ஆறு மாத இடைவெளியில் தனித்தனியாக வாங்கிய இரண்டு ஸ்டிக்குகளுக்குள் இருக்கும் சில்லுகள் வேறு வேறு ஆலைகளிலிருந்து வந்தவையாக இருக்கலாம். அளவு வேறுபடுவது, எடுத்துக்காட்டாக 8-உம் 16-உம் சேர்ப்பது, அதனளவில் பிழையை உண்டாக்காது. சம அளவுப் பகுதி இரட்டைச் சேனலிலும் மிச்சம் ஒற்றைச் சேனலிலும் இயங்கும், வேகம் சற்றுக் குறையும், அவ்வளவுதான். சிக்கல் அளவில் இல்லை, டைமிங்கில் இருக்கிறது.

பழைய பொருள் வாங்குகிறவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகளில் மலிவாகக் கிடைக்கும் ரேம்களில் சர்வர்களிலிருந்து கழற்றிய 'ரெஜிஸ்டர்டு' வகையும் இருக்கும். டிடிஆர்4-இல் அது வீட்டுக் கணினியின் ஸ்லாட்டில் கச்சிதமாக அமர்ந்துவிடும்; ஆனால் கணினி தொடங்காது. டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 ஆகியவற்றுக்கு வெட்டுப்பள்ளத்தின் இடம் வேறு வேறு என்பதால் அவற்றை மாற்றிச் செருக முடியாது. அழுத்திச் செருக முயன்றால் ஸ்லாட்தான் உடையும்.

பிழை தோன்றும் இடமும் பிறக்கும் இடமும்

'மெமரி மேனேஜ்மென்ட்', 'பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா', 'ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்' என்பவை ரேம் மாற்றியவர்கள் அடிக்கடி பார்க்கும் நிறுத்தச் செய்திகள். இவை சொல்வது இவ்வளவே: விண்டோஸின் கருவகம் (கெர்னல்) ஒரு நினைவக முகவரியில் எதிர்பார்த்தது ஒன்று, கண்டது வேறொன்று. அந்த முகவரியில் தவறான மதிப்பை வைத்தது பழுதான ரேமா, தவறாக எழுதப்பட்ட டிரைவரா, பிராசசரா, வட்டிலிருந்து கெட்டுவந்த கோப்பா என்பதைச் செய்தி சொல்வதில்லை. அந்தச் செய்தியால் அதைச் சொல்லவும் முடியாது. ஒருமுறைக்கொருமுறை வேறு வேறு செய்தி வருவது வன்பொருளின் மேல் ஐயத்தைக் கூட்டும். எப்போதும் ஒரே செய்தி, ஒரே டிரைவரின் பெயருடன் வந்தால் ஐயம் மென்பொருளின் பக்கம் திரும்ப வேண்டும்.

செய்தியை அப்படியே நம்புவதன் விலை என்னவென்பதற்கு அண்மைக்காலத்தில் ஒரு பெரிய எடுத்துக்காட்டு கிடைத்தது. 2024-இன் தொடக்கத்தில், இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை உயர்நிலைப் பிராசசர்களை வைத்திருந்த பலருக்கு, அன்ரியல் என்ஜினில் உருவான விளையாட்டுகளைத் திறக்கும்போது 'வீடியோ நினைவகம் தீர்ந்துவிட்டது' என்ற செய்தி வந்தது. 24 ஜிபி வீடியோ நினைவகம் கொண்ட கார்டு வைத்திருந்தவர்களுக்கும் அதே செய்தி. கார்டு மாற்றியவர்களும் உண்டு, ரேம் மாற்றியவர்களும் உண்டு. உண்மையில் விளையாட்டுத் தரவைச் சுருக்க நிலையிலிருந்து விரிக்கும் கணக்கைப் பிராசசர் தவறாகப் போட்டது. அந்தத் தவறான விடை கடைசியில் வீடியோ நினைவகம் போதவில்லை என்ற வடிவில் திரையில் வந்தது. அந்த விரித்தல் மென்பொருளைத் தயாரித்த ராட் நிறுவனமே இது வன்பொருள் கோளாறு என்று குறிப்பு வெளியிட்டது. பிராசசர் தேவைக்கு மேற்பட்ட மின்னழுத்தத்தைக் கேட்டு வாங்கி நாளடைவில் தேய்ந்துபோனதே காரணம் என்று இன்டெல் பின்னர் ஒப்புக்கொண்டு, ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் மைக்ரோகோடு (பிராசசருக்குள் இயங்கும் அடிப்படை நிரல்) திருத்தங்களை வெளியிட்டது. உத்தரவாதக் காலத்தையும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. ஏற்கெனவே தேய்ந்த பிராசசரை அந்தத் திருத்தம் மீட்டுத் தராது. இந்தத் தலைமுறை பிராசசர் உள்ள கணினியில் ரேமைக் கூட்டிவிட்டு நினைவகப் பிழை காண்பவர்கள், பயாஸ் புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

இதற்கு நேர்மாறானதும் நடக்கும். 2022 அக்டோபரில், லினக்ஸ் கருவகத்தை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் கணினியில் நிரலைத் தொகுக்கும் (கம்பைல்) வேலைகள் காரணமின்றி முறிந்தன. கருவகத்தில் புதிதாகச் சேர்ந்த மாற்றம் ஏதோ கெடுத்துவிட்டது என்றே அவர் முதலில் ஐயுற்றார். கடைசியில் குற்றவாளி ஒரு ரேம் ஸ்டிக். நிரலின் ஒவ்வொரு மூலையையும் அறிந்தவருக்கே ஊகம் தவறுமென்றால், ஊகிப்பதைவிடச் சோதிப்பதே நேரத்தை மிச்சப்படுத்தும்.

சோதனை: ஒரு நேரத்தில் ஒரே மாற்றம்

இரண்டு மாற்றங்களை ஒன்றாகச் செய்துவிட்டுப் பிழை நின்றால், எது நிறுத்தியது என்று தெரியாமலே போய்விடும். ஆகவே கீழ்க்காணும் வரிசையை மாற்றாமல் பின்பற்றுவது நல்லது.

1. முக்கியமான கோப்புகளின் காப்புப்பிரதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், புதிய ரேமைக் கழற்றிவிட்டுப் பழைய நிலையில் வைத்துப் பிரதி எடுங்கள். பழுதான நினைவகத்தின் வழியாக எடுக்கப்படும் பிரதியும் பழுதாகக்கூடும்.

2. கணினியை முழுமையாக நிறுத்தி, மின்கம்பியைக் கழற்றி, பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றிய பிறகே ரேமைத் தொடுங்கள். விண்டோஸின் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' இயங்கினால், 'ஷட் டவுன்' என்பது முழுமையான நிறுத்தம் அல்ல. அதை அணைத்துவைப்பது பாதுகாப்பு.

3. ஸ்டிக்குகளைக் கழற்றி மீண்டும் செருகுங்கள். நான்கு ஸ்லாட் உள்ள பெரும்பாலான மதர்போர்டுகளில் இரண்டு ஸ்டிக்குகளுக்குரிய இடம் பிராசசரிலிருந்து எண்ணும்போது இரண்டாவதும் நான்காவதும். ஏ2, பி2 என்று குறித்திருப்பார்கள். ஒருபக்கம் மட்டும் கொக்கி உள்ள ஸ்லாட்டுகளில், கொக்கியில்லாத முனை முழுமையாக இறங்காமலே இறங்கியது போலத் தோற்றம் தரும். கண்டுபிடிக்கப்படும் கோளாறுகளில் மிக மலிவானது இதுதான்.

4. டிடிஆர்5 கணினி என்றால், முதல்முறை தொடங்கும்போது பொறுமை வேண்டும். கட்டுப்படுத்தி ஒவ்வொரு தடத்துக்கும் ஏற்ற நேர அளவைத் தேடிப் பிடிக்கும் 'மெமரி டிரெயினிங்' நடக்கும் சில நிமிடங்களுக்குத் திரை கருப்பாகவே இருக்கும். உயிரில்லை என்று நினைத்து மின்சாரத்தை நிறுத்தினால் அது மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

5. பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை அணைத்து, நினைவகத்தை ஜெடெக் வேகத்தில் ஓடவிடுங்கள். பிழை நின்றுவிட்டால் ஸ்டிக் பழுதில்லை என்பதற்கு அது வலுவான குறி.

6. மெம்டெஸ்ட்86 அல்லது திறமூல மென்பொருளான மெம்டெஸ்ட்86 பிளஸை யூஎஸ்பி டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கணினியைத் தொடங்குங்கள். விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது அது பிடித்துவைத்திருக்கும் பகுதியைச் சோதிக்க முடியாது என்பதால் இந்த ஏற்பாடு. ஓர் இரவு முழுவதும் ஓடட்டும். ஒரு சுற்றில் தப்பிய பிழை மூன்றாம் சுற்றில் சிக்குவது உண்டு. விண்டோஸுடன் வரும் மெமரி டயக்னாஸ்டிக் விரைவில் முடியும். அது பிழை கண்டால் நம்பலாம், காணாவிட்டால் நம்பக் கூடாது.

7. பிழை வந்தால், ஒரே ஸ்டிக்கை ஒரே ஸ்லாட்டில் வைத்துத் தனித்தனியாகச் சோதியுங்கள். பிறகு நல்லதென்று தெரிந்த ஸ்டிக்கை ஒவ்வொரு ஸ்லாட்டாக மாற்றிப் பாருங்கள். சலிப்பூட்டும் வேலைதான்; ஆனால் ஸ்டிக்கின் பழுதையும் ஸ்லாட்டின் பழுதையும் பிரிக்க வேறு வழியில்லை.

மெம்டெஸ்டில் ஒரே ஒரு பிழை வந்தால் விட்டுவிடலாமா என்ற கேள்வி எழும். விட முடியாது. ஏறத்தாழ 10 இலட்சம் வீட்டுக் கணினிகளின் முறிவுப் பதிவுகளை வைத்து மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வு, ஒருமுறை நினைவகப் பிழையால் முறிந்த கணினி மறுமுறையும் முறியும் வாய்ப்பு பன்மடங்கு கூடுவதைக் காட்டியது. ஓவர்க்ளாக் செய்த கணினிகள் கூடுதலாக முறிந்ததும் அதே ஆய்வில் பதிவாகியிருக்கிறது.

முடிவுகளைப் படிக்கும் விதம்

1. எந்த ஸ்லாட்டில் வைத்தாலும் ஒரே ஸ்டிக் மட்டும், அதுவும் ஜெடெக் வேகத்திலேயே, ஏறத்தாழ ஒரே முகவரியில் பிழை தருகிறது: அந்த ஸ்டிக்கில் செல் பழுது. உத்தரவாதத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். இணையாக வாங்கியிருந்தால் இரண்டையும் சேர்த்தே அனுப்பச் சொல்வார்கள்.

2. எந்த ஸ்டிக்கை வைத்தாலும் ஒரே ஸ்லாட்டில் பிழை: மதர்போர்டின் ஸ்லாட், தடம், அல்லது பிராசசர் சாக்கெட்டின் ஊசி.

3. தனித்தனியாக எல்லாம் தேறுகின்றன, சேர்த்தால் மட்டும் பிழை: கலவை அல்லது மின்சுமை. பழுது என்று எதுவும் இல்லை. வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் தீரும்.

4. எக்ஸ்எம்பியில் மட்டும், முகவரிகள் சிதறிக்கிடக்க, சுற்றுக்குச் சுற்று எண்ணிக்கை மாறும் பிழைகள்: டைமிங் அல்லது மின்னழுத்தம் போதவில்லை.

5. மெம்டெஸ்ட் இரவெல்லாம் தேறுகிறது, விண்டோஸில் மட்டும் முறிகிறது: இங்கேதான் அவசரப்படக் கூடாது. மெம்டெஸ்ட் ஓடும்போது கிராஃபிக்ஸ் கார்டு ஓய்வில் இருக்கிறது. பெட்டிக்குள் சூடு இல்லை. பிரைம்95 மென்பொருளின் 'பிளெண்ட்' சோதனையை ஓட்டிப் பார்த்தால் பிராசசரும் நினைவகமும் சேர்ந்து உழைக்கும் நிலை கிடைக்கும். அதிலும் தேறினால் டிரைவர், வட்டு, பவர் சப்ளை ஆகியவற்றின் பக்கம் தேட வேண்டும்.

திருத்தங்களும் செய்யக் கூடாதவையும்

3600-ஐ 3200 ஆக்குவதே பலருக்குப் போதுமான திருத்தம். அன்றாட வேலைகளில் அந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. 'பணம் கொடுத்த வேகம் கிடைக்கவில்லையே' என்ற மனக்குறையைத் தவிர இழப்பு எதுவும் இல்லை. பயாஸ் புதுப்பிப்பும் பயன் தரும், குறிப்பாக மதர்போர்டு வந்த புதிதில் வாங்கியவர்களுக்கு. டிடிஆர்5-இன் தொடக்க ஆண்டுகளில் நினைவகப் பொருத்தம் பெரும்பாலும் இந்தப் புதுப்பிப்புகளால்தான் சீரானது. ஆனால் பிழை நடந்துகொண்டிருக்கும் கணினியில் பயாஸ் புதுப்பிப்பைத் தொடங்குவது ஆபத்து. முதலில் ஜெடெக் வேகத்துக்கு இறக்கி, தேவையானால் ஒரே ஸ்டிக்குடன் ஓடவிட்டு, பிறகு புதுப்பிக்க வேண்டும்.

மின்னழுத்தத்தைக் கூட்டிச் சரிசெய்வது பற்றிக் காணொளிகள் நிறைய இருக்கின்றன. 2023-இல் ரைசன் 7000எக்ஸ்3டி பிராசசர்கள் சில கருகிப்போன செய்திகள் வந்தபோது, எக்ஸ்போவை இயக்கியதும் சில மதர்போர்டுகள் தாமாகவே கூட்டிய எஸ்ஓசி மின்னழுத்தம் (பிராசசருக்குள் நினைவகக் கட்டுப்படுத்தி உள்ள பகுதிக்குப் போவது) முதன்மைக் காரணங்களுள் ஒன்றாகப் பேசப்பட்டது. ஏஎம்டி அதற்கு 1.3 வோல்ட் என்ற உச்ச வரம்பை விதித்தது. மென்பொருள் கேட்டதற்கெல்லாம் மின்சாரம் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அதுவே போதும்.

பென்சில் ரப்பரால் ரேமின் தங்கப்பூச்சு முனைகளைத் தேய்ப்பது நம் ஊர்க் கடைகளின் நெடுநாள் வைத்தியம். அழுக்கும் ஈரப்பதத்தின் படிவும் தொடர்பைக் கெடுத்திருந்தால் அது பலிக்கும். பல நேரங்களில் கழற்றி மாட்டியதே பலித்திருக்கும், புகழ் ரப்பருக்குப் போகும். சொரசொரப்பான ரப்பர் மெல்லிய தங்கப்பூச்சைச் சுரண்டிவிடும், துகள்கள் ஸ்லாட்டுக்குள் விழும் என்பதால், ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சற்ற துணியே மேல்.

மடிக்கணினிகளில் செய்யக்கூடியது குறைவு. பெரும்பாலானவற்றின் பயாஸில் வேகத்தை மாற்றும் வசதி இருப்பதில்லை. ஒரு பகுதி ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருந்தால் தனித்தனியாகச் சோதிக்கவும் முடியாது.

டிடிஆர்5-க்குள்ளேயே பிழை திருத்தும் வசதி இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. அது ஒவ்வொரு சில்லுக்கும் உள்ளே நேரும் பிழைகளை மட்டுமே திருத்துகிறது. சில்லிலிருந்து பிராசசர்வரை தடத்தில் கெட்டுப்போவதை அது அறியாது, திருத்தியதை இயங்குதளத்துக்குச் சொல்வதுமில்லை. இசிசி எனப்படும் முழுமையான பிழை திருத்தும் முறை வேறு. டிடிஆர்4 காலத்து இசிசி ஸ்டிக் ஒவ்வொரு 64 பிட்டுக்கும் கூடுதலாக 8 பிட் வைத்து, ஒரு பிட் புரண்டால் திருத்தும்; இரண்டு புரண்டால் கண்டுபிடித்துச் சொல்லும்.

இதற்குள் கெட்டுப்போன கோப்புகள்

ரேமைச் சரிசெய்த பிறகும் சிலருக்கு முறிவுகள் தொடரும். சரிசெய்தல் பலிக்கவில்லை என்று அவர்கள் மறுபடி தொடக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். பிழையான நினைவகத்துடன் கணினி ஓடிய நாட்களில் வட்டில் எழுதப்பட்டவை அனைத்தும் அந்த நினைவகத்தின் வழியாகவே போயிருக்கின்றன. அந்த நாட்களில் விண்டோஸ் புதுப்பிப்பு நிறுவப்பட்டிருந்தால், கெட்ட கணினிக்கோப்பு ஒன்று வட்டில் நிலையாகவே தங்கியிருக்கலாம். விண்டோஸின் கோப்புகளைச் சரிபார்த்துச் சீராக்கும் சிஸ்டம் ஃபைல் செக்கரையும் டிஸ்ம் கருவியையும் ஓட்டி, வட்டுச் சோதனையையும் செய்ய வேண்டும். அதன் பின்னும் தடுமாறினால் விண்டோஸை மறுபடி நிறுவுவதே குறுக்குவழி.

சொந்தக் கோப்புகளின் கதை வேறு. அவற்றின் சரியான வடிவம் எது என்று எந்தக் கருவிக்கும் தெரியாது. முழு எண்ணாகச் சேமித்த 1,000 என்ற தொகையில் ஒரே ஒரு குறிப்பிட்ட பிட் புரண்டால் அது 17,384 ஆகிவிடும். கோப்பு எந்த முறையீடுமின்றித் திறக்கும். ஒளிப்படத்தில் அதே புரளல் நேர்ந்தால் பாதிப் படம் சாம்பல் நிறமாகவோ நிறம் மாறியோ தெரியும் என்பதால் கண்டுபிடித்துவிடலாம். ஜிப், செவன்-ஜிப் தொகுப்புகள் சரிபார்ப்புத் தொகையைத் தம்முள்ளேயே வைத்திருப்பதால், 'டெஸ்ட்' கட்டளை கொடுத்தால் கெட்டதா இல்லையா என்று சொல்லிவிடும். மற்றவற்றுக்கு, ரேம் மாற்றிய தேதிக்குப் பின் உருவான அல்லது திருத்தப்பட்ட கோப்புகளைத் தேதிவாரியாக வரிசைப்படுத்தி ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. அந்தத் தேதிக்கு முன் எடுத்த காப்புப்பிரதியின் மேல் புதிய பிரதி எழுதப்படாமல், தானியங்கிக் காப்பு அமைப்பை அதுவரை நிறுத்திவைக்க வேண்டும்.